திருகோணமலையில் புறநகர் மோலுக்குக் கடைகளைக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி வீதியிலும் கண்டி வீதியிலும் காணி வைத்திருப்பவர்கள், கட்டடம் போடத் தொடங்கியவர்கள், அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்து கடை கடையாக ஏறி இறங்கும் பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்கு இடம் பேசிக் கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

எங்கட இடம் டவுனுக்கு வெளியில இருக்கு. இதை மோல் எண்டு சொல்லலாமோ?

சொல்லலாம், ஆனால் எந்த அளவு மோல் என்பதை முதலில் உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதற்கென்று ஒரு வகைப்பாடு உண்டு. 30,000 சதுர அடியிலிருந்து 125,000 சதுர அடி வரை இருந்தால் அது அயலவர்களுக்கான மையம். சுற்றுவட்டாரத்துச் சனம் வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் வந்துபோகும் இடம் அது. மாவட்டம் முழுவதையும் இழுக்கும் பெரிய மோல்கள் 400,000 சதுர அடிக்கு மேல். இங்கே பேசப்படும் காணிகளில் எழும்பக்கூடியது பெரும்பாலும் முதல் வகைதான். அதில் குறைவு ஒன்றும் இல்லை. கொழும்பின் பெரிய மோலைக் காட்டி நம் கட்டடத்தை விளக்கினால், வருகிற கடைக்காரர் அதே அளவு சனத்தை எதிர்பார்ப்பார். பிறகு ஏமாறுவார்.

திருகோணமலை வளரும் திசையையும் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். பழைய பட்டினம் கடலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் நிற்கிறது. புது வீடுகளுக்கு இடம் வடக்கே உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு வழியாகவும், மேற்கே அனுராதபுரச் சந்தி, பாலையூற்றுப் பக்கமும்தான் இருக்கிறது. வரைபடத்தை மேசையில் விரித்து இதைக் காட்டினால் நீண்ட பேச்சுத் தேவைப்படாது.

கட்டி முடிச்சிட்டுத்தானே கடைக்காரரைத் தேட வேணும்? காட்டுறதுக்கு ஒண்டும் இல்லாமல் எப்பிடிப் போறது?

இல்லை. வரைபடம் கடதாசியில் இருக்கும்போதே போக வேண்டும். சுப்பர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் லொறி வந்து திரும்ப இடம் வேண்டும். குளிரூட்டிகளின் பாரத்தைத் தாங்கும் தரை வேண்டும். நடுவில் தூண் வராத நீளமான தளம் வேண்டும். சாப்பாட்டுக் கடைக்குப் புகைபோக்கி, எண்ணெய்க் கழிவு தேங்கும் தொட்டி, தனித் தண்ணீர்க் குழாய் எல்லாம் வேண்டும். இவற்றைக் கொங்கிறீட் போட்ட பிறகு செய்யப் போனால் இரட்டைச் செலவு.

நான் பார்த்த ஒரு கட்டடத்தில் கீழ்த்தளம் முழுவதையும் 10 அடிக்கு 12 அடிப் பெட்டிகளாகச் சுவர் வைத்துப் பிரித்துவிட்டார்கள். பெரிய கடை ஒன்று விரும்பி வந்து பார்த்தது. ஆறு சுவரை இடிக்க வேண்டும் என்றது. உரிமையாளருக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டிகளில் பாதி நீண்ட காலம் பூட்டியே கிடந்தன.

முதல்ல யாரிட்டப் போறது?

சனம் அடிக்கடி வந்தே தீர வேண்டிய கடையிடம். இங்கே அது சுப்பர் மார்க்கெட். அரிசி, பால்மா, சவர்க்காரம் முடிந்தால் எவரும் வருவார்கள். இது பழைய தந்திரம். 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறந்த சவுத்டேல், கூரை மூடிய புறநகர் மோல்களில் முதலாவது என்று சொல்லப்படுகிறது. அதிலும் இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகளை வைத்துத்தான் சின்னக் கடைகளுக்கு இடம் கொடுத்தார்கள். பெரிய கடைக்கு வருகிறவர் போகிற வழியில் சின்னக் கடையைப் பார்க்கிறார். மோலின் முழுக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

சுப்பர் மார்க்கெட் பேச்சில் இருக்கும்போதே பாமசி, வங்கி அட்டை இயந்திரம், பேக்கரி மூன்றையும் அணுகுங்கள். உடுப்பு, செருப்பு, தொலைபேசிக் கடைகள் அதற்குப் பிறகு. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "சுப்பர் மார்க்கெட் ஆர் வாறது?" என்பதுதான்.

பெரிய கடை வாடகையில பாதிதான் தருவன் எண்டுது. ஒத்துக்கொள்ளலாமோ?

கணக்கைப் பார்த்து ஒத்துக்கொள்ளலாம். பலசரக்கில் இலாபம் மெல்லியது. விற்பனையில் சிறு பங்குக்கு மேல் வாடகையாகக் கொடுத்தால் அவர்களால் நிற்க முடியாது. உடுப்பு, அழகுசாதனம், மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு இலாபம் தடிப்பு, ஆகவே சதுர அடிக்குக் கூடக் கொடுக்கலாம். பெரிய கடைக்கு விட்டுக்கொடுக்கும் தொகை, அது கூட்டிவரும் சனத்துக்காக நீங்கள் கொடுக்கும் விலை.

இரண்டு நிபந்தனையை மட்டும் விட வேண்டாம். ஒன்று, நீண்ட காலத்துக்கு இருப்பேன் என்ற உறுதி. மற்றது, திறந்து வைத்திருப்பேன் என்ற உறுதி. வாடகையைக் கட்டிக்கொண்டு கதவை மூடி வைத்திருக்கும் பெரிய கடை, வெற்றுக் கடையை விடப் பெரிய கேடு.

"ஒரு நாளைக்கு எத்தினை சனம் வரும்?" எண்டு எல்லாரும் கேக்கினம். என்ன சொல்றது?

தெரியாத இலக்கத்தைச் சொல்லாதீர்கள். திறக்காத மோலுக்கு எவ்வளவு சனம் வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. இன்று உங்கள் வாசலைக் கடந்து எவ்வளவு சனம் போகிறது என்பதை மட்டும் எண்ணலாம். எண்ணிய இலக்கத்தைத் திகதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு தாள்தான் என் வேலையில் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

எண்ணுவது இப்படி. ஒரு வேலைநாள் காலை பள்ளிக்கூட நேரம், அதே நாள் மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை, ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு போயா தினம் ஆகிய நான்கு நேரங்களில் இரண்டு பேர் வாசலில் நிற்க வேண்டும். மொத்த வாகனத்தை எண்ணுவதில் பயன் குறைவு. மணல் லொறியும் எண்ணெய்ப் பவுசரும் சாமான் வாங்க நிற்கப் போவதில்லை. குடும்பமாக வரும் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பவர்கள் என்று வேறாக்கி எண்ணுங்கள். நடப்பவர்களில் பெண்களைத் தனியாக எண்ணுங்கள்.

அப்புறம் இன்னொன்று. மாலையில் நகரத்திலிருந்து வடக்கே திரும்பும் மோட்டார் சைக்கிள்களின் முன்கொக்கியைப் பாருங்கள். ஒன்றில் மீன் பை. அடுத்ததில் புடவைக் கடைப் பை. இன்னொன்றில் பாமசியின் கடதாசி உறையும் குழந்தையின் பால்மாப் பெட்டியும். நகரத்துக்குப் போய் என்ன வாங்கித் திரும்புகிறார்கள் என்பதை அந்தக் கொக்கி சொல்லிவிடும். ஒரு பாமசிக்காரரை நான் மாலை 6 மணிக்கு வீதி ஓரம் கூட்டிப்போய் அரை மணி நேரம் நிறுத்தினேன். கடைக்காரருக்காக நாங்கள் அச்சடித்த மோல் கையேட்டை அவர் புரட்டியே பார்க்கவில்லை. அடுத்த நாள் தானே மீண்டும் வந்து நின்றார்.

திருகோணமலையில வாங்கிற சனம் இருக்கோ எண்டு கொழும்புக் கொம்பனிகள் சந்தேகப்படுகுது. எப்பிடி விளக்கிறது?

2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம் பேர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெரிய எண்ணிக்கையில் வாழும் மாவட்டம் இது. மாகாண நிர்வாகம் இங்கே இருப்பதால் மாதச் சம்பளக்காரர் நிறைய. கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை, மா ஆலை, சீமெந்து ஆலை, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் எல்லாம் உண்டு. சம்பளம் விழும் வாரமும் அதற்கு முந்திய வாரமும் ஒரே சந்தை அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் மாவட்டம் முழுவதும் உங்களுடைய வாடிக்கையாளர் என்று எழுதிவிடாதீர்கள். 1931இல் ரெய்லி என்ற அமெரிக்கர் ஒரு விதி சொன்னார்: இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருப்பவரை ஒவ்வோர் ஊரும் தன் சனத்தொகைக்கு ஏற்ப இழுக்கும், தூரம் கூடக் கூட அந்த இழுப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கந்தளாய்க்காரருக்கு நாங்கள் சுமார் 40 கிலோமீட்டர், நடுவில் அவர்களுக்கென்று சொந்தக் கடைத்தெருவும் இருக்கிறது. கிண்ணியா வேறு கதை. 2009இல் 396 மீற்றர் பாலம் திறக்கும் வரை அவர்கள் மிதவைப் பாதையில் கடந்தார்கள், இப்போது மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் நிலாவெளி வீதிக்கு வர நகரத்தைத் தாண்டி வர வேண்டும். ஆகவே பெருநாள் உடுப்புக்கு வருவார்கள், தினசரிச் சாமானுக்கு வரமாட்டார்கள். இப்படிப் பிரித்துச் சொல்பவரைக் கொழும்புக்காரர் நம்புவார்.

யாழ்ப்பாணத்தில மோல் ஓடுது, இங்க மட்டும் ஏன் ஓடாது?

யாழ்ப்பாணத்தில் 2013இல் திறந்த கார்கில்ஸ் ஸ்குவயரை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அது ஆஸ்பத்திரி வீதியில், நகரத்தின் நடுவில் இருக்கிறது. பஸ் நிலையத்துக்கு வந்தவர் நடந்தே போகலாம். புறநகர் மோலுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே வரவைக்க வேண்டும். ஒப்பிடுவதானால் வாகனம் நிறுத்தும் இடத்தை ஒப்பிடுங்கள். நகரத்துக்குள் அதற்குப் பஞ்சம், உங்களிடம் தாராளம்.

சுற்றுலாக்காரரைக் காட்டி விளம்பரம் செய்யலாமோ? வெள்ளைக்காரர் நிறைய வருகினமே.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளின் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. அந்த நேரம் கச்சான் காற்று அடிக்கும், கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகுகள் போகும். ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கினால் விடுதிகள் வெறிச்சோடும். ஐந்து மாதச் சனத்தைக் காட்டிப் பன்னிரண்டு மாத வாடகை கேட்பது சரியில்லை.

உள்ளூர்ப் பயணிகளை யாரும் கணக்கெடுப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். கோணேசர் கோயிலுக்கு வரும் பஸ்கள் பல அப்படியே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் நிலாவெளிக்கும் போகின்றன. ஒரு பஸ்ஸில் 50 பேர். அவர்களுக்கு முதல் தேவை சுத்தமான கழிவறை, இரண்டாவது தேத்தண்ணி, மூன்றாவது தொப்பியும் துவாயும் பிள்ளைக்கு ஒரு மாற்றுடுப்பும். பஸ் நிறுத்தவும் திருப்பவும் இடம் விட்டிருக்கிறீர்கள் என்றால் அதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

கையேட்டில என்ன இருக்க வேணும்?

தளப்படம், கடை ஒவ்வொன்றின் சரியான அளவு, வாசல் அகலம், கூரை உயரம், மின்சார அளவு, நீங்கள் எண்ணிய சன வரத்து, வாடகையும் மற்றச் செலவும், திறக்கும் திகதி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். எட்டுப் பக்கம் போதும். கணினியில் கீறிய படத்தில் கண்ணாடி மாளிகையும் குளிர்நாட்டு மரங்களும் கோட்டுப் போட்ட மனிதர்களும் வேண்டாம். நம் வீதியில் நம் சனம் நிற்கிற உண்மையான படம் ஒன்று போதும்.

வாடகை சதுர அடிக்கு எவ்வளவு எண்டு சொல்லிவிட்டால் காணாதோ?

காணாது. சண்டைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. ஓர் உதாரணம் போடுகிறேன், இலக்கங்கள் கணக்குக்காக மட்டும். கடைக்காரர் உள்ளே பாவிக்கும் தரை 400 சதுர அடி. நடைபாதை, படிக்கட்டு, கழிவறைப் பங்கைச் சேர்த்து 500 சதுர அடிக்குக் காசு கேட்கிறீர்கள். சதுர அடி 100 ரூபா, வாடகை 50,000. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 ரூபா, அது 15,000. மொத்தம் 65,000. நீங்கள் வற் வரிக்கு (பெறுமதி சேர் வரி) பதிவு செய்தவர் என்றால் அதற்கு 18 வீதம், 11,700. கடைசியில் அவர் கட்டுவது 76,700 ரூபா. தான் பாவிக்கும் 400 சதுர அடியால் பிரித்துப் பார்த்தால் அவருக்குச் சதுர அடி ஏறத்தாழ 192 ரூபா. "100 ரூபா எண்டு சொன்னியளே" என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வற் வரிக்குப் பதிவு செய்த பெரிய கொம்பனி தான் கட்டிய வற்றைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். பதிவு இல்லாத சின்னக் கடைக்காரருக்கு அந்த 18 வீதம் முழுச் செலவு. ஆகவே முதல் சந்திப்பிலேயே கடைசித் தொகையைச் சொல்லுங்கள்.

அந்த 76,700 ரூபா கூடவோ குறையவோ எண்டு கடைக்காரருக்கு எப்பிடித் தெரியும்?

இதை அவரோடு ஒன்றாக இருந்து போடுங்கள். கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசி ஒருவரும் வென்றதை நான் பார்க்கவில்லை. கடையின் கணக்கைக் கடைக்காரரோடு சேர்ந்து போட்டவர்களுக்குத்தான் கையெழுத்துக் கிடைத்தது. மேலே உள்ள உதாரணத்தையே எடுப்போம். வாடகைச் செலவு 76,700. இரண்டு பிள்ளைகளின் சம்பளம், கரண்ட், பை, சில்லறைச் செலவு எல்லாம் 90,000 என்று வைப்போம். மாதம் 166,700, நாளுக்கு ஏறத்தாழ 5,560 ரூபா. அவருடைய சாமானில் நூற்றுக்கு 25 இலாபமாக நிற்கும் என்றால் நாளுக்கு 22,000 ரூபாவுக்குச் சற்றுக் கூட விற்க வேண்டும். ஒருவர் சராசரியாக 1,500 ரூபாவுக்கு வாங்கினால் 15 பில். உள்ளே வரும் நான்கு பேரில் ஒருவர் வாங்குவார் என்றால் நாளுக்கு 60 பேர் அந்தக் கதவால் வர வேண்டும்.

60 பேர் என்பது கடைக்காரருக்கு உடனே விளங்கும். இப்போதைய கடையில் ஒரு வெள்ளிக்கிழமை எத்தனை பேர் என்று அவர் மனதுக்குள் ஒப்பிட்டுவிடுவார். உங்கள் சன வரத்துத் தாளை அப்போது எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் அதையும் ஒப்புக்கொண்டு, சின்னக் கடை ஒன்றைக் காட்டுங்கள்.

விற்பனையில வீதம் வாங்கிறது நல்லமோ?

கணினியில் பில் போடும் பெரிய பெயர்களுக்குச் சரிவரும். அடிப்படை வாடகை ஒன்று, விற்பனையில் ஒரு வீதம் ஒன்று, இரண்டில் எது கூடவோ அது என்பது உலக வழக்கம். கையால் பில் புத்தகம் எழுதும் உள்ளூர்க் கடையிடம் இதைக் கேட்டால் தன் வியாபாரத்தை எட்டிப் பார்க்கிறீர்கள் என்றே நினைப்பார். அவருக்குப் படிப்படியான வாடகை பொருத்தம்: முதல் வருடம் குறைவு, இரண்டாம் வருடம் கொஞ்சம் கூட, மூன்றாம் வருடம் முழு வாடகை.

"டவுனுக்குள்ள மத்திய வீதியில எனக்குக் கடை இருக்கு, அப்பா காலத்து இடம். இஞ்ச ஏன் வர வேணும்?" எண்டு கேட்டால்?

அவரை அங்கிருந்து வரச் சொல்லாதீர்கள். அது தவறான பேச்சு. அந்த இடத்துக்கு அவர் குடும்பம் முற்பணம் கொடுத்திருக்கிறது, இரண்டு தலைமுறை வாடிக்கை இருக்கிறது. இரண்டாவது கடை பற்றி மட்டும் பேசுங்கள்.

அப்படிப் பேசினாலும் அவர் தயங்குவார். வாடகை கூட என்று சொல்வார். நான் நீண்ட நாள் அதை நம்பி வாடகையைக் குறைத்துக் குறைத்துப் பேசினேன். ஒரு நாள் ஒரு புடவைக் கடை ஐயாவோடு வெற்றுக் கடைக்குள் நின்றேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை அடி வைத்து அளந்தார். பின்னேரம் 3 மணிக்கு வெயில் எதுவரை வரும், சாறி நிறம் மங்குமோ என்று கேட்டார். பிறகு மூலையில் ஓர் இடத்தைக் காட்டி, "தம்பி, கல்லா இதில வரும். அதில ஆர் இருக்கிறது?" என்றார். மூத்த மகன் கனடாவில், இளையவர் மத்திய வீதிக் கடையில். காசுப் பெட்டியில் வைக்க அவருக்கு இன்னொரு ஆள் இல்லை. வாடகையை அரைவாசியாகக் குறைத்தாலும் அது தீராது.

அன்றிலிருந்து நான் வாடகைக்கு முன் இதைத்தான் கேட்கிறேன். தீர்வுகள் உண்டு. பல வருடம் உண்மையாக நின்ற விற்பனையாளருக்குப் புதுக் கடையில் பங்கு கொடுக்கலாம். மருமகளோ மகளோ நடத்தக்கூடிய பிள்ளைகள் உடுப்பு மாதிரி ஒரு பகுதியை மட்டும் இங்கே வைக்கலாம். இரண்டு கடைக்கும் பொதுவான கணினிப் பில் போட்டு, அங்கிருந்தே இங்கத்தைய விற்பனையைப் பார்க்கலாம். அந்த ஐயா இரண்டாவது வழியை எடுத்தார். 300 சதுர அடியில் தொடங்கினார்.

மோல் இரவு 9 மணி வரை திறக்கச் சொல்லுது. கடைக்காரர் ஆள் இல்லை எண்டினம்.

அவர்கள் சொல்வது சரி. காலை 10 முதல் இரவு 9 வரை ஏழு நாளும் என்றால் வாரத்துக்கு 77 மணித்தியாலம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஒருவருக்கு நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். ஒருவர் செய்த இடத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அதோடு, இரவு 9 மணிக்கு வேலை முடிக்கும் ஒரு பெண் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போவார்? பஸ் இருக்காது. மோலே ஒரு வான் ஒழுங்கு செய்து பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்தால் சின்னக் கடைகளின் பாதித் தயக்கம் போய்விடும். பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

சாப்பாட்டுப் பகுதியை ஒரே ஆளுக்குக் குடுத்தால் லேசு இல்லையோ?

உங்களுக்கு லேசு, சனத்துக்கு இல்லை. இங்கே ஒரே மேசையில் ஹலால் பார்ப்பவரும் வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவரும் சேர்ந்து உட்காருவார்கள். சைவக் கடையின் சமையலறை, தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவும் இடம் முற்றாக வேறாக இருக்க வேண்டும். ஹலால் கடைகளுக்கும் அப்படியே. இதை ஒப்பந்தத்தில் எழுதி, கையேட்டிலும் சொல்லுங்கள். தொழுகைக்கு ஓர் அறையும் கைகால் கழுவும் இடமும் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் கடை மூட விரும்புபவருக்கு அபராதம் போடும் விதியை எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வியள் எண்டு கேக்கினம்.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறக்கவில்லை. ஜெனரேட்டர் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது எதை ஓட்டும்? பொது வெளிச்சத்தை மட்டுமா, கடைக்குள் குளிரூட்டியையுமா? டீசல் செலவை எப்படிப் பிரிப்பீர்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் கடையும் பாமசியும் இந்தப் பதிலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக் காற்றும் இருக்கிறது. இரும்புப் பெயர்ப்பலகையும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளிப்பெட்டிகளைக் கடல் பார்க்காத பக்கம் வைக்க இடம் ஒதுக்கி, அலுமினியப் பலகை போடச் சொல்லுங்கள். கச்சான் காலத்துப் புழுதிக்கும் வாடைக் காலத்துச் சாரலுக்கும் வாசலில் நீண்ட இறக்கு வேண்டும்.

"எனக்குக் குடுத்தால் இன்னொரு செருப்புக் கடைக்குக் குடுக்கக் கூடாது" எண்டினம். ஒத்துக்கொள்ளலாமோ?

முழுமையாக ஒத்துக்கொள்ள வேண்டாம். புடவை, நகை, செருப்பு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சனம் கூடும், மத்திய வீதியே அதற்குச் சாட்சி. பாமசி, மூக்குக்கண்ணாடி போன்றவை வேறு. சின்ன மோலில் அவற்றுக்கு இரண்டு கடை தாங்காது. அப்படிப்பட்டவருக்கு முதல் இரண்டு வருடம் தனியுரிமை கொடுக்கலாம். சொல்லும்போது "மருந்து விற்பது" என்று குறுக்கிச் சொல்லுங்கள். சுப்பர் மார்க்கெட்டில் பற்பசை விற்றதற்காகச் சண்டை வரக் கூடாது.

இன்னும் கையெழுத்துப் போடாத கடையின்ர பெயரைச் சொல்லி மற்றவையை இழுக்கலாமோ?

கூடாது. எல்லோரும் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். திருகோணமலை சின்ன ஊர். பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அந்தக் கடைக்காரரே மற்றவரைச் சந்திப்பார். ஒரு புறநகர்க் கட்டடத்தில் பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் படத்தில் போட்டார்கள். அதை நம்பி மூன்று சின்னக் கடைகள் முற்பணம் கட்டின. பெரிய நிறுவனம் வரவில்லை. அந்த மூவரில் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

நிலைமையை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்: கையெழுத்துப் போட்டவர்கள், விருப்பக் கடிதம் தந்தவர்கள், பேச்சில் இருப்பவர்கள். மூன்றாம் வகையினரின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது. பெரிய கடை வராவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுக்கத் தயார் என்றால், உங்கள் பேச்சுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒப்பந்தத்தை முத்திரை ஒட்டி எங்களுக்குள்ளயே எழுதினால் காணாதோ?

காணாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். காணிப் பதிவகத்திலும் பதிவு செய்யுங்கள். கடைக்காரருக்கு விளங்கும் மொழியில் ஒரு பிரதி கொடுத்து, நொத்தாரிசிடம் போக முன் ஒரு வாரம் அவர் கையில் இருக்க விடுங்கள். உள்வேலை செய்யும் காலத்துக்கு வாடகை உண்டா இல்லையா, இடையில் விலகினால் முற்பணம் என்னாகும் என்ற இரண்டையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாரும் இப்ப பேஸ்புக்கில விற்கினம். அவைக்குக் கடை எதுக்கு?

அவர்கள்தான் இப்போது எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள். வீட்டு அறையில் உடுப்பை அடுக்கி, இரவு நேரலையில் விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வாடிக்கை உண்டு. இல்லாதது உடுத்திப் பார்க்க ஓர் அறை, மாற்றிக் கொடுக்க ஓர் இடம், சாமான் வைக்கக் கொஞ்சம் தரை. 80 அல்லது 100 சதுர அடிக் கூடங்களை மாதக் கணக்கில் கொடுங்கள். நல்லாக நடந்தால் அடுத்த வருடம் பெரிய கடை கேட்பார்கள்.

பாதிக் கடை வெறுமையாய் இருக்கு. திறக்கலாமோ, பொறுக்கலாமோ?

வெற்றுக் கடைகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எல்லாக் கடைகளையும் கீழ்த்தளத்தில் ஒரே பக்கம் சேர்த்து, மேல்தளத்தை மூடி வைத்துத் திறக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்தால் சனம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். திறக்கும் திகதியைப் பெருநாளுக்கோ தீபாவளிக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ ஆறு வாரம் முன்னதாக வையுங்கள். உடுப்புக் கடைக்காரர் சாமான் இறக்கும் காலம் அது. நவம்பர் மழையில் திறக்க வேண்டாம்.

எல்லாக் கடையும் நிரம்பினால் இந்த வேலை முடிஞ்சுதுதானே?

இல்லை, முதல் வருடம்தான் வேலை கூட. அடுத்த கடைக்காரர் உங்களிடம் வர முன்பு, இருக்கிற கடைக்காரரிடம் போய் "எப்பிடிப் போகுது?" என்று கேட்பார். ஆகவே திறந்த நாளிலிருந்து வாசலில் தொடர்ந்து எண்ணுங்கள். மாதத்துக்கு ஒரு தாள், நாள்வாரியாகச் சன வரத்து, பக்கத்தில் போன மாத இலக்கம். இலக்கம் குறைந்த மாதத்திலும் அந்தத் தாள் ஒவ்வொரு கல்லாவுக்கும் போக வேண்டும். நான் அதை மாதம் முதலாம் திகதி காலையில், கடை திறக்கும் நேரம், கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்போதுதான் விளக்கு எரியவில்லை, கூரை ஒழுகுகிறது, பக்கத்துக் கடைக்காரர் பெட்டியை நடைபாதையில் வைக்கிறார் என்பதெல்லாம் என் காதுக்கு வரும்.